கை வலி போன விதம்

கண்ணா,

நேற்று போனில், "நான் அனுப்பின மவுஸ் ஒத்துவந்துச்சாம்மா?" என்று கேட்டாய். "இப்ப வலியே இல்லப்பா" என்றேன். வலி போனது உண்மைதான். ஆனால் மவுஸால் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டரில் மதிப்பெண் பதிந்தே மணிக்கட்டு போய்விட்டது என்று உன்னை நம்பவைத்தேன். பக்கவாதத்தில் படுத்த உன் அப்பாவை எட்டு மாதம் தூக்கித் திருப்பிப் போட்டதால் வந்த வலி அது. "அவன்கிட்ட சொல்லிடாத. வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான், திடீரென்று போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னேன். நீயும் நம்பி, அழுதுவிட்டுத் திரும்பிப் போனாய்.

அந்த மவுஸை நான் பயன்படுத்தவே இல்லை. நிமிர்ந்து நிற்கும் அதைக் கை குலுக்குவதுபோலத்தானே பிடிக்க வேண்டும்? பார்சல் வந்த அன்று உன் அப்பா, சுவாதீனமாக இருந்த வலக்கையால் வாங்கிப் பிடித்துப் பார்த்தார். "புள்ள கையப் பிடிச்ச மாதிரியே இருக்குடி" என்றார். அப்புறம் கடைசிவரை என்னிடம் திருப்பித் தரவில்லை.

இப்போது தூக்க ஆளில்லை, வலியும் இல்லை. அந்த வலி திரும்பி வந்தால் தேவலை என்றிருக்கிறது.

மறைத்தது தப்புதான். திட்டுவதானால் நேரில் வந்து திட்டு.

உன் அம்மா