அம்மாவுக்காகத் தாழ்த்திய வேன்

வைகாசி 12, ஞாயிறு

முட்டி தேய்ந்த அம்மா சிரமமில்லாமல் ஏறட்டும் என்று, கட்டிலும் அடுப்பும் வைத்த என் பழைய வேனின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளில் பாதியைக் கழற்றி அதைத் தாழ்த்தினேன். இன்று காரைக்கால்மேட்டுக்குக் கடல் பார்க்கக் கூட்டிப்போனேன். ஒரே எட்டில் ஏறிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வழியில் ஊர்க்காரர்களே சிமெண்டைக் கொட்டிப் போட்ட வேகத்தடையில் வேனின் அடிப்பாகம் இடித்து நின்றுவிட்டது. பாரம் குறைந்தால்தான் நகரும். அம்மாவை இறக்கி, தடையைத் தாண்டி, மறுபடி ஏற்றினேன். அடுத்த தடையிலும் அப்படித்தான். மூன்றாவதில் அவளே கதவைத் திறந்தாள்.

"நீ ஓட்டிக்கிட்டு வாப்பா, நான் நடந்தே வந்துடுறேன்."

கைத்தடியை ஊன்றி அவள் முன்னால் நடக்க, நான் முதல் கியரில் பின்னாலேயே போனேன்.

கழற்றிய பட்டைகளை நேற்றே பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. பக்கத்து அறையில் அம்மா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாள். வாசனை இங்கே வருகிறது.