காரம் தொடாத மாப்பிள்ளை

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் ஹரி, தி. நகரில் நகைக்கடை. சொர்ணம் அத்தை கொண்டுவந்த சம்பந்தம். “காரமே தொட மாட்டாரு. வாயத் திறந்து ஒரு வார்த்த கூடப் பேச மாட்டாரு. இப்படி ஒரு சாதுவ எங்கடி தேடுவ?”

அவர் பஜ்ஜியைக் கிள்ளிக் கிள்ளி வாய்க்குள் தள்ளினார். சட்னி பட்டதும் கண் கலங்கியது. கூச்சம் என்றாள் அம்மா. பல் மருத்துவக் கல்லூரியில் வாய்ப்புண்களைப் பார்த்து எழுதுவதே என் மேற்படிப்பு. எனக்கு அப்படி நினைக்க வரவில்லை.

ஆகஸ்ட் 31

மயிலாப்பூரில் ஹரியோடு காபி, பேசிப் பார்க்கட்டும் என்று. சிரித்தபோது பல்லெல்லாம் கறை.

“மாவா போடுவீங்களா?”

டபராவையே பார்த்தார். “கடைப் பசங்களோட, எப்பவாச்சும்.”

எவ்வளவு வாய் திறக்கும் என்று கேட்டேன். காட்டினார். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டுகூட நுழையாது. மாவாவில் இருக்கும் பாக்கும் புகையிலையும் கன்னத்தை நாராக இறுக்கிவிட்டன. ஒருமுறை கல்லூரிக்கு வாருங்கள் என்றேன்.

“வீட்டுல சொல்லிராதீங்க.”

செப்டம்பர் 2

சொன்னேன். என் கல்யாணம் அல்லவா?

அம்மா: “ஆம்பளைன்னா பாக்கு போடத்தான் செய்வான். கட்டிக்கிட்டு நிறுத்தேன், நீதான டாக்டரு.”



செப்டம்பர் 14

நான் வேண்டாம் என்பதற்குள் ஹரி வீட்டாரே சொல்லிவிட்டார்கள். பெண்ணுக்கு வாய் ஜாஸ்தியாம்.

சிரித்தேன். அப்புறம் — நா எதுக்கு அழுவுறேன்?

நவம்பர் 17

புறநோயாளிப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்தது ஹரி. இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள்போல் இருந்தோம்.

எழுதினேன்: இரு கன்னமும் வெளுப்பு. இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, துடைத்தால் போகவில்லை. அதன் நடுவே புண். ஓரம் தடிப்பு, அடி கெட்டி. வலி? இல்லை என்றார், அது ஏதோ நல்ல செய்திபோல. கெட்டியாக இருந்து வலிக்காத புண்ணுக்குத்தான் நாங்கள் பயப்படுவோம்.

“சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். வியாழக்கிழமை வாங்க. புற்றா இருக்கலாம்.”

“தை மாசம் கல்யாணம், டாக்டர். முடிச்சிட்டு வரட்டுமா?”

“அதுவரைக்கும் விடக்கூடாது.”

“பொண்ணு வீட்டுக்கு...”

“இங்கேருந்து யாரும் சொல்ல மாட்டாங்க.”

அது உண்மை. இப்போது அவர் என் நோயாளி. அந்தப் பெண் யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயை அடக்கியிருப்பேனா, தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

வரவில்லை. கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அவர் அம்மா எடுத்தார்.

“ஹரி பத்திரிகை அடிக்கக் குடுக்கப் போயிருக்கான். யாரும்மா?”

“பல் ஆஸ்பத்திரி.” அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

“பல்லு நல்லாத்தான இருக்கு அவனுக்கு,” என்று வைத்துவிட்டார்.