அப்பாவின் காரைத் துப்புரவாக்கிய மூன்று நாள்

பேசாலை,
மன்னார்.

அன்பு மகள் மதுஷிகாவுக்கு,

நீயும் மருமகன் எமிலும் அந்தக் குளிருக்குள் ஒரு நோய்நொடியும் இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். என்னைப் பற்றி எழுதுவதென்றால், சாப்பிடுகிறேன், நடமாடுகிறேன், பிரஷர்க் குளிசை தவறாமல் போடுகிறேன். அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை நல்லபடி முடிந்தது. கோயில் நிறையச் சனம், நீயும் வீடியோவில் பார்த்திருப்பாய். எல்லாரும் அழுதார்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, ஏனென்றும் தெரியவில்லை. வெள்ளாங்குளத்து மாமி ஒரு கிழமை என்னோடு நின்றுவிட்டுப் போனா. தன் தம்பியை, உன் அப்பாவை, நினைத்து நினைத்து அழுகிற அவவுக்கு நான்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

காரை விற்றுவிடுங்கோ அம்மா என்று நீ போனில் சொன்னாய். விற்பதென்றாலும் வைத்திருப்பதென்றாலும் முதலில் அதன் கதவைத் திறக்க வேண்டுமே. அப்பா வழியில் கண்மூடி மோசம்போன அன்று கராஜ் பைறூஸ்தான் அதைப் பாப்பாமோட்டை றோட்டோரத்திலிருந்து ஓட்டிவந்து பின்வளவில் விட்டவன். பிறகு யாரும் தொடவில்லை. மாமிக்கென்று அப்பா கொண்டுபோன மீன்பெட்டி பின்சீற்றில் சரிந்து, ஐஸ் உருகிய தண்ணீர் முழுவதும் கீழே ஊற்றுப்பட்டிருக்கிறது. மீனை அன்றே எடுத்து எறிந்துவிட்டார்கள், தண்ணீரை யாரும் யோசிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் கண்ணாடி பூட்டிக் கிடந்த கார் எப்படி மணக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை கதவைத் திறந்துவிட்டுத் திரும்பவும் பூட்டினேன். பிறகு சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு வாளி தண்ணீரோடு போனேன். அந்த நேரம் பார்த்துப் பைறூஸ் வந்தான். "தண்ணி ஊத்தாதேங்கோ அக்கா, அடியில இறங்கினா பிறகு காயாது, நுரையால மட்டும் தேயுங்கோ" என்று வாளியை வாங்கி வைத்துவிட்டு, ஆணிகளைக் கழற்றி முன்சீற் இரண்டையும் பின்சீற்றையும் வெளியில் தூக்கிப் பாயில் வைத்துத் தந்தான்.

அன்று முழுக்கக் காய்ந்த அழுக்கைத்தான் எடுத்தேன். சீற் இருந்த இடத்தில் ஒரு சுளகு மணல் இருந்தது. பெயின்ற் தூரிகையால் மூலைமூலையாகத் தட்டிக் கூட்டி அள்ளினேன். கீழ் விரிப்பை உரித்தெடுத்தால் அதற்கடியில் பஞ்சு மாதிரி ஒரு தட்டு, அதுதான் மீன்தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, தகரத்தை வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்தேன். செவ்வாய்க்கிழமை சோப்புத்தூளை நுரைக்க அடித்து, நுரையை மட்டும் அள்ளிச் சீற்றுகளைத் தேய்த்துத் தேய்த்து ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். ஏ.சி. காற்று வருகிற துவாரங்களுக்குப் பழைய பல்லுத் தூரிகை. பிறகு அப்பச் சோடாவைத் தூவி அடுத்த நாள்வரை அப்படியே விட்டேன். நாலு கதவும் திறந்து காயவிட்டிருக்க ஒரு கழுதை வந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றது. முந்தியென்றால் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்திருப்பேன். இப்போது துரத்தவும் தோன்றவில்லை, அது தானாகவே போய்விட்டது.

புதன்கிழமை சோடாவைக் கூட்டி எடுத்தும் நாற்றம் முழுதாகப் போகவில்லை. சீற் பெல்ற்றைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கோ என்றான் பைறூஸ். உண்மைதான், அதில்தான் மீன்தண்ணீர் ஊறிக் கிடந்தது. நான் பெல்ற்றைத் தேய்த்துக்கொண்டிருக்க, அவன் சீற்றுகளைத் திரும்பப் பூட்டிக்கொண்டே அன்றைய கதையை எடுத்தான். இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லத் துணிவு வரவில்லையாம். நெஞ்சு நோகுது, காரை ஓரமாக விட்டிருக்கிறன், நீ வா என்று அப்பா அவனுக்குத்தான் போன் எடுத்திருக்கிறார். அக்காவுக்குச் சொல்லட்டோ என்று இவன் கேட்டிருக்கிறான். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ கோயிலில நிக்கிறா போல, போன் எடுக்கேல்ல. நீ போய்ப் பயப்படுத்தாதே" என்றாராம். அவன் போய்ச் சேர அரை மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகள், அப்பா உங்களுக்குப் போன் எடுத்தவரோ என்று செத்தவீட்டன்று நீ கேட்டாய். இல்லை என்று சொன்னேன். அது பொய். இரண்டு தரம் எடுத்தவர். நான் கோயிலில் இல்லை, குசினியில் இருந்தேன். மீன் ஏற்றாதேங்கோ, நாறுகிற காரில் நான் பூசைக்கு வரமாட்டேன் என்று காலையில் சண்டை பிடித்தேன். வந்து கழுவித் தாறன் என்றுதான் போனார். போன் அடித்தபோது அவர் பேர் தெரியத் தெரிய அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்தேன். பைறூஸ் சொன்னதைக் கேட்டபோதும் அழுகை வரவில்லை. பெல்ற்றைத் தேய்த்தபடியே இருந்தேன். அது போதும் அக்கா, வெளுத்துப்போச்சு என்று அவன் என் கையிலிருந்து தூரிகையை வாங்கினான். வீட்டில்தான் இருந்தேன் என்று அவனுக்குச் சொல்லவில்லை. மாமிக்கும் சொல்லவில்லை. போனில் சொல்ல வாய் வராது என்பதால் உனக்குக் கடிதமாக எழுதுகிறேன்.

காரில் இப்போது ஒரு மணமும் இல்லை, யாரும் ஏறலாம். அடுத்த கிழமை மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும், பைறூஸ் ஓட்டித் தருவான். அதுவரை விற்கிற கதை வேண்டாம். நீ வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. எமிலோடு கோபித்துக்கொண்டு வெளியே போகாதே. ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் தம்முடைய கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். இதை வாசித்த பிறகு என்னோடு கதைக்க உனக்கு மனம் வருமோ தெரியாது. வந்தால் எந்த நேரமென்றாலும் எடு, முதல் மணியிலேயே நான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
எ. றஞ்சிதம்