தள்ளி நின்றவர்களை வரைந்தவன்

முடி வெட்டி முடித்ததும், நான் கேட்காமலேயே என் தலையில் ஹேர் ஸ்பிரே அடித்தார் கடைக்காரர். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். "கண்ணுல பட்டிருச்சா பாஸ்?" என்று பதறினார் பாவம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கரித்துண்டால் வரைந்த படம் கலையாமலிருக்க அதற்கென்றே விற்கும் மருந்து உனக்குக் கட்டுப்படியாகாது. ஹேர் ஸ்பிரேதான் அடிப்பாய். பத்து பாகாட் ஊரில் உன் வீட்டுப் பக்கத்து மளிகைக்கடை அக்கா உன் வழுக்கையைப் பார்த்து, "உங்களுக்கு எதுக்கு தம்பி இது?" என்று கேட்டார். "முடி வந்ததும் அடிக்கணும்லா, முன்னாடியே வாங்கி வைக்கறேன்" என்றாய் நீ, சிரிக்காமல். அலமாக், உன் லொள்ளு!

வார நாளெல்லாம் உனக்குத் துணி ஆலை, எனக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் காருக்குள் நாம் இருவரும் கலைஞர்கள். வேறு யாரும் நம்மை அப்படிக் கூப்பிட்டதில்லை. என் கேமராவை இழுத்ததெல்லாம் பழைய சுவர், துருப்பிடித்த தகரம், ஆளில்லாத ரயில் மேடை. யாராவது குறுக்கே வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று தமிழிலும் மலாயிலும் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கும். நீ அதற்குத்தான் காத்திருப்பாய். நான் யாரையெல்லாம் ஒதுக்கினேனோ, அவர்கள் ஒதுங்கி நிற்பதை வரைவாய்.

கோத்தா திங்கியில் வெள்ளம் வடிந்த பிறகு போனோமே. ஒரு வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை கோடு போட்டதுபோல் படிந்திருந்தது. எனக்கு அது வேண்டும். அதன்மேல் சாய்த்துக் காயவைத்திருந்த மெத்தையை நகர்த்தச் சொல்லி அந்த வீட்டம்மாவிடம் கேட்டேன். அவரும் மகளும் ஈர மெத்தையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். நான் கறையைப் படம் எடுத்தேன். நீ அவர்களைப் பாதி வரைந்தாய். மீதி நேரம் நீயும் மெத்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

"செவுத்துல என்னடா இருக்கு? தண்ணி வந்தது அவங்க வீட்டுக்குள்ளலா" என்றாய் காரில்.

"உனக்கு போட்டோவப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். வழியெல்லாம் சண்டை.

மாரடைப்பில் நீ போன அன்று, உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான்பா போட்டோ எடுக்கறவன். மாலை போடறதுக்கு, அவன் நல்லா சிரிச்ச மாதிரி ஒண்ணு குடுப்பா." இது ஒரு பெரிய விஷயமா என்று வீட்டுக்கு ஓடினேன். கணினியில் அத்தனை ஞாயிறுகளும் இருந்தன. சுவர் இருந்தது, தகரம் இருந்தது, லாயாங் லாயாங் ஊர் ரயில் மேடை வெறிச்சென்று கிடந்தது. நீ மட்டும் இல்லை. வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பார்த்துத்தான் நீ உட்காருவாய். முதலில் உன்னைத்தான் எழுப்பிவிடுவேன். தப்பித்தவறி உன் முழங்கையோ தோளோ விழுந்துவிட்ட படங்களைக் கெட்டுப்போனவை என்று அன்றன்றே அழித்திருக்கிறேன். பாவி, ஒன்றையாவது விட்டுவைத்தேனா!

கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். "போலீஸ் தேடற மூஞ்சி" என்று நீயே கிண்டல் செய்வாயே, அதே படம். உன் அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "பரவால்லப்பா, ரெண்டு பேரும் வேலையா இருந்திருப்பீங்க" என்றார்.

போன மாதம் கேமராவோடு அவரைப் பார்க்கப் போனேன். பவுடர் பூசி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, "எங்கப்பா நிக்கணும்?" என்று சுவரோரமாக ஒதுங்கினார். நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டு உட்காரவைத்தேன். அவர் சிரித்தபோது உதடு ஒரு பக்கமாக ஏறியது. அது உன் சிரிப்பு. தாடையும் உன்னுடையதுதான்.

அந்தப் படத்தை இப்போது பர்சில் வைத்திருக்கிறேன். ரயிலிலும் பஸ்ஸிலும் எடுத்து, மேல் பாதியை விரலால் மறைத்துப் பார்க்கிறேன். மூக்குவரைக்கும் வந்துவிடுகிறாய். கண்தான் வரமாட்டேன் என்கிறதடா.