பன்னிரண்டு அட்டைகளும் பூட்டி வைத்த பெட்டியும்

என் ஓட்டைவாய் அண்ணா,

நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒன்றாக வந்திருக்கின்றன. உனக்குப் பொறுமை கிடையாது, அதனால் கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் புளியங்கொட்டைப் பசைக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. கோபப்படாதே, காரணம் நீதான்.

மலையில் கொட்டிக் கிடக்கும் புளியங்கொட்டையை வறுத்து அரைத்து, கரித்தூள் கலந்து, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே பூசி அடையாள அட்டை செய்தாய். யாராவது அட்டையைப் பிரித்துப் படத்தை மாற்றினால் உள்ளே பூச்சு கிழியும். கிழிந்தால் அதன் வழியே மின்சாரம் ஓடாது. ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைப் பெட்டியை நான் செய்தேன். போளூரில் டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவளை, "அட்டைய நான் பாத்துக்கறேன், நீ பொட்டிய செய்" என்று இழுத்து வந்தவன் நீ.

விண்ணப்பம் போடும்வரை யார் கண்ணிலும் காட்டாதீர்கள், காட்டினால் காப்புரிமை கிடைக்காது என்று விவரம் தெரிந்தவர் படித்துப் படித்துச் சொன்னார். நீயும் நன்றாகத் தலையாட்டினாய். அடுத்த வாரமே ஊரில் பன்னிரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு அட்டை! புதுச் சாமை அறுத்தால் விற்கும் முன்னால் வீட்டுக்கு ஒரு படி கொடுப்பது நம் ஊர் வழக்கம். அட்டைக்கும் அதுதானா?

"புதுசா இன்னா வந்தாலும் மொதல்ல வூட்டுக்கு வூடு தரணும். அவங்க இன்னா வெளியாளா?" என்று கேட்டாய். நான் திட்டினேன். என் பெட்டியையும் நீ தூக்கிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கஞ்சப்பிசினாரி என்றாய்.

அதோடு விட்டாயா? விண்ணப்பத்தில் நீயே பெருமையாக எழுதினாய்: 'மழைக்காலம் முழுவதும் எங்கள் ஊரார் வைத்திருந்தும் அட்டையில் ஈரம் ஏறவில்லை.' நீ போன பிறகு, அந்த வரியைக் குறிப்பிட்டுத்தான் காப்புரிமை அலுவலகத்தில் விசாரணைக்கு அழைத்தார்கள்.

செய்தி தெரிந்ததும் குப்பம்மா அத்தை எல்லா அட்டைகளையும் வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டார். "இன்னா கண்ணு யோசிக்கிற? அடுப்புல போட்டுடு. நாங்க யாரும் இத்த பாக்கவே இல்லன்னு சொல்ட்றோம். அவன் பேரு நிக்கணும்."

சரி என்றுதான் தோன்றியது அண்ணா. உன் பெயர் ஒரு காகிதத்திலாவது இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மஞ்சள் கறை, ஒன்றில் விபூதி வாசனை. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்களாம். உன் கையால் கொடுத்ததைக் கொடுக்கவே இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

நம் ஊரில் சிக்னல் நிற்காது. காவலூர் போய், தெரிந்தவர் வீட்டில் உட்கார்ந்து போனில் முகம் பார்த்துப் பேசும் வீடியோ விசாரணைக்குப் பதில் சொன்னேன். "ஊராருக்கு அட்டை கொடுத்தது விண்ணப்பத்துக்கு முன்பா, பின்பா?" என்று அதிகாரி கேட்டார்.

"முன்னாடிதாங்க. எங்கண்ணன் வூட்டுக்கு வூடு குடுத்தாருங்க."

கொஞ்ச நேரம் அவர் எதையோ எழுதினார். "சோதனைப் பெட்டியையும் கொடுத்தாரா?"

"இல்லீங்க. அத்த நான் பூட்டி வச்சுட்டேங்க." சொல்லிவிட்டு அந்த மனிதர் முன்னாலேயே அழுதேன். என்னை என்ன நினைத்தாரோ?

இப்போது நல்ல செய்தி. யாரும் பார்க்காமல் பூட்டியே இருந்ததால் பெட்டிக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. கரித்தூள் வழியே மின்சாரம் விட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை உன்னுடையதுதானே? கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. உன் பெயருக்குப் பக்கத்தில் காலமானவர் என்று போட்டிருக்கிறது. அந்தச் சொல் வரும்போது கையால் மறைத்துக்கொண்டு மீதியைப் படிக்கிறேன்.

உன் பசையை இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம். குப்பம்மா அத்தை இப்போதே கொட்டை வறுக்க ஆரம்பித்துவிட்டார். உனக்கு அதில் வருத்தம் இருக்காது என்று எனக்குத் தெரியும். எனக்குத்தான் கொஞ்சம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு வீட்டுக்கும் போகிறேன். இனி நான் எதைச் செய்தாலும் முதலில் விண்ணப்பம், மறுநாளே வீடு வீடாக. உன் வழக்கம் ஒரு நாள் தள்ளிப் போகும், நிற்காது. இது சத்தியம்.

பெட்டியின் பூட்டைத் திறந்துவிட்ட
உன் கஞ்சப்பிசினாரித் தங்கை,
மல்லிகா