மூச்சு விடும் வாளி

காரைக்குடி
3 ஜூன்

அன்புள்ள மாமா,

போனில் பேசினால் சண்டை வருகிறது. அதனால் கடிதம்.

லேபில் இடமில்லாமல் நம் கொல்லையில் வைத்த சேற்று வாளி பத்திரம். அதிலுள்ள பாக்டீரியாவுக்குக் காற்றே வேண்டாம். உடம்புக்கு வெளியே மெல்லிய கம்பி நீட்டி, துருவின்மேல் எலக்ட்ரானை இறக்கிவிடும். அதுதான் அதன் மூச்சு. நான் செருகிய கரித்தண்டும் அதற்குத் துரு மாதிரிதான். அங்கே இறங்குவதைத்தான் மீட்டர் காட்டுகிறது. மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். வேறெதுவும் செய்யாதீர்கள். சரியாக வந்தால் டிசம்பரில் ஆய்வு முடியும். வீட்டுக்கு வந்துவிடுவேன்.

உங்கள்
அறிவுச்செல்வி


எரியோடு
12 ஜூன்

அன்பு அறிவுக்கு,

நான் சுகம். அம்மா சுகம். வாளியும் சுகம்.

கிரில் பட்டறையில் நாளெல்லாம் துருவைச் சுரண்டுகிறேன். நீ அதில் மூச்சு விடுகிறவர்களை வளர்க்கிறாய். "ஏலே, பொண்டாட்டிய அனுப்பிட்டு சேத்தக் காவ காக்குறியா?" என்கிறான் கூட வேலை செய்யும் மணிமாறன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. காற்றில்லாமல் எப்படி இருக்கும், பாவம்? திண்டுக்கல்லில் மீன்தொட்டி மோட்டார் வாங்கி, குழாயைச் சேற்றின் அடிவரை இறக்கிவிட்டேன். குபுகுபுவென்று ஒரே சந்தோஷம். மீட்டர் மட்டும் பூஜ்யம் காட்டுகிறது. பேட்டரி மாற்றவா?

ஸ்டான்லி


காரைக்குடி
18 ஜூன்

மாமா,

பேட்டரியைத் தொடாதீர்கள். காற்று பட்டு என் ஆட்கள் ஒடுங்கிவிட்டார்கள். காற்று விரும்பிகள் குடியேறிவிட்டன. அவை எலக்ட்ரானை ஆக்சிஜனுக்கே கொடுத்துவிடும்.

முதலிலிருந்து தொடங்க வேண்டும். டிசம்பர் இல்லை. அடுத்த ஜூன்.

அழுதேன். பாக்டீரியாவுக்கு மோட்டார் வாங்கியவரை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் சிரித்தும்விட்டேன்.

லேபில் ஒரு மூலை வாங்கியிருக்கிறேன். யாரிடமாவது புதுச் சேறு கொடுத்தனுப்புங்கள்.

இன்னொரு வருஷம், மாமா. முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அறிவு


உன் ஹாஸ்டல் வாசல்
ஞாயிறு

அறிவு,

முடியாது. அதனால் வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பட்டறையில் வேலை பேசியாயிற்று. "பொண்டாட்டி படிக்கிற ஊருக்கு எவன்டா குடிபோவான்?" என்றாள் அம்மா. பிறகு அவளே துணியை மடித்துக் கொடுத்தாள்.

வாளியில் புதுச் சேறு கொண்டுவந்திருக்கிறேன். மூடி இறுக்கமாக. கண்டக்டர், "உள்ள என்னய்யா?" என்றார். "வீட்டு ஆளுக" என்றேன். இறக்கிவிட்டார். அடுத்த பஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை.

இங்கே ஆம்பளைகளுக்கு அனுமதியில்லையாம். வாட்ச்மேன் வாளியை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்கிறாராம்.

செத்த நேரம் வெளியே வா.

ஸ்டான்லி