வள்ளி பெயருக்கு முன்னால் இருந்த கோடு

ஆவணி 10, புதன்

சண்முகம் என் மகளை என் குடும்பத்திலிருந்து வெட்டிவிட்டான்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் வம்சக் கொடி இருக்கிறது. தாராவியில் சம்பந்தம் பேசுகிறவர்கள் முதலில் அதைத்தான் திறப்பார்கள். ├, └, │ என்று ஒவ்வொரு குறியாக இட்டு வரைந்தவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. என் பெயருக்குக் கீழே "└─ வள்ளி" என்று இருந்தது. இப்போது வள்ளி மட்டும் நிற்கிறாள்.

இன்று பெண் பார்க்க வந்த அம்பர்நாத்காரர்கள் போனை அவளிடமே நீட்டினார்கள். "உனக்குக் கோடே இல்லையேம்மா, நீ யாரு வீட்டுப் பிள்ள?" டீ ஆறுமுன் எழுந்து போனார்கள்.

சண்முகம் சங்கத்துச் செயலாளர், என் தம்பி மகன். போய்க் கேட்டேன்.

"கைதவறி அழிஞ்சிருக்கும் பெரியப்பா."

கைதவறி அழிந்திருந்தால் பெயர் இடது ஓரத்துக்கு ஓடியிருக்கும். ஓடவில்லை. குறிகள் இருந்த இடத்தில் எண்ணி வெற்றிடம் வைத்திருக்கிறான்.

"எண்ணி வச்சிருக்கியேல" என்றேன்.

சிரித்தான். "எடுத்து வளத்த பிள்ளைக்குக் கோடு எதுக்கு? உங்களுக்குப் பொறவு அந்த வீடு எங்களுக்குத்தான வரணும்."

கெடு சொல்லிவிட்டு வந்தேன். நாளை சண்முகம் வள்ளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் பார்க்க, தன் கையால் அந்தக் குறிகளை இட வேண்டும். அம்பர்நாத்துக்கும் அவனே போய்ச் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்குள் செய்யாவிட்டால் மீதி என் வேலை. பாஸ்வர்டு என்னிடமும் இருக்கிறது. ஞாயிறன்று அவன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவள் பெயருக்கு முன்னாலும் அதே இரண்டு குறிகள்தான். வெற்றிடத்தை நானும் எண்ணியே வைப்பேன்.